பள்ளிக்கூடம் பூட்டியிருந்த மாதங்கள்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வளரும் நாடுகளில் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஒரு தன்னார்வ அமைப்பின் திட்டக் குழுவில் இருக்கிறேன். மறுபடியும் ஒரு பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூட நேர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் பதின்ம வயதுக் கர்ப்பம் பற்றிய பகுதி என் பொறுப்பு. முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம். "ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள்தானே இருந்தார்கள்? பெற்றோர் கண்ணெதிரே இருந்த பிள்ளைகள் எப்படிக் கர்ப்பமாவார்கள்? நன்கொடை திரட்ட ஊதிப் பெருக்கிய கதை இது" என்கிறார் ஓர் உறுப்பினர். "கைப்பேசியும் வேலையற்ற பொழுதும்தான் காரணம், ஒழுக்க வகுப்பு நடத்தினால் போதும்" என்கிறார் இன்னொருவர். கர்ப்பமாகித் திரும்பும் மாணவிகளுக்கு "அவர்கள் வசதிக்காக" தனிப் பிரிவு நடத்தலாம் என்ற வரி வேறு வரைவில் ஏறிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசக் கையில் எதுவும் இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மகப்பேறு மருத்துவரின் பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

ஊதிப் பெருக்கிய கதை என்று சொன்ன உறுப்பினரிடம் அவசரப்பட்டுக் கோபப்பட வேண்டாம். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால், மீதியை அவர் காது கொடுத்துக் கேட்பார்.

2020 ஜூனில் கென்யாவின் மச்சாகோஸ் மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஐந்து மாதங்களில் ஏறத்தாழ 4,000 பதின்ம வயதுப் பெண்கள் கர்ப்பம், காரணம் ஊரடங்கு என்று தலைப்புகள் அலறின. அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? ஜனவரி முதல் மே வரை கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்களின் பதிவேட்டிலிருந்து. கென்யாவில் பள்ளிகள் மூடப்பட்டது மார்ச் நடுவில். பள்ளி மூடிய மறுநாளே ஒரு பெண் கருவுற்றிருந்தாலும் மே இறுதியில் அது மூன்று மாதக் கர்ப்பம்கூட ஆகியிருக்காது. பதின்ம வயதுப் பெண்கள் அவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைப் படியேறுவதில்லை. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்து, வீட்டில் ஒரு பூகம்பம் நடந்து முடிந்த பிறகு, நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் வருவார்கள். ஆகவே அந்தப் பதிவேட்டில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளிகள் திறந்திருந்த நாட்களிலேயே கருவுற்றவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்த்தால், அதே ஐந்து மாதங்களில் முந்தைய ஆண்டைவிட எண்ணிக்கை குறைவாகவே இருந்தது.

அந்தக் குறைவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஊரடங்கும் தொற்று பயமும் சேர்ந்து மக்களை மருத்துவமனைப் பக்கமே வரவிடாத காலம் அது. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்கு ஊரில் கர்ப்பிணி இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. மருத்துவமனைப் பதிவேட்டை வைத்துக் கூடிற்று என்று சொன்னவர்களும் சரி, குறைந்தது என்று சொன்னவர்களும் சரி, அதனிடம் அது சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டார்கள்.

பெரிய அமைப்புகளின் கணிப்புகளும் இப்படித்தான். ஆறு மாதம் முடக்கம் நீடித்தால் 114 நாடுகளில் 4.7 கோடிப் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனங்கள் கிடைக்காமல் போகலாம், 70 லட்சம் பேர் விரும்பாமல் கருவுறலாம் என்று ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2020 ஏப்ரலில் கணித்தது. ஓராண்டு கழித்து அதே நிதியம் வெளியிட்ட மதிப்பீடு 1.2 கோடிப் பெண்கள், 14 லட்சம் கர்ப்பங்கள். பல நாடுகளில் கருத்தடைச் சேவை எதிர்பார்த்ததைவிட விரைவாக எழுந்து நின்றுவிட்டது. புர்கினா ஃபாசோவிலும் கென்யாவிலும் பெண்களிடமே கேட்டு எடுத்த ஆய்வுகளில், கருத்தடைப் பயன்பாடு மொத்தத்தில் சரியவில்லை. உங்கள் உறுப்பினர் இதை எங்கோ படித்திருக்கலாம். சரியாகவே படித்திருக்கிறார்.

ஆனால் அந்த மொத்தக் கணக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த பெண்கள். பிள்ளை பெற்றவள், கணவனோடு இருப்பவள், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தச் செவிலியர் ஊசி போடுவார் என்று தெரிந்தவள். அவள் சமாளித்துக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண்ணின் கதை வேறு. அவளைத் தனியே எடுத்துப் பார்த்த ஆய்வுகள் குறைவு என்றாலும், அவை சொல்வது தெளிவாக இருக்கிறது.

மேற்குக் கென்யாவில் சியாயா என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு மேல்நிலைப் பள்ளிகளின் மாணவிகளை ஏற்கெனவே வேறோர் ஆய்வுக்காகப் பின்தொடர்ந்து வந்தார்கள். பெருந்தொற்று குறுக்கே வந்ததால் ஓர் அரிய ஒப்பீடு கிடைத்தது: தொற்றுக்கு முன்பே பள்ளிப் படிப்பை முடித்த அணி ஒன்று, ஆறு மாதப் பள்ளி மூடலைக் கடந்து முடிக்க வேண்டியிருந்த அணி ஒன்று. இரண்டாம் அணியில், படிப்பு முடிவதற்குள் கர்ப்பமாகும் வாய்ப்பு முதல் அணியைப் போல இரண்டு மடங்கு. படிப்பை நிறுத்திவிடும் வாய்ப்பு மூன்று மடங்கு. 2022இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது, உங்கள் குழுவில் அதை உரக்கப் படியுங்கள். முதல் உடலுறவு தன் விருப்பத்தோடு நடந்தது என்று சொல்லும் வாய்ப்பு இரண்டாம் அணிப் பெண்களிடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒழுக்க வகுப்பு கேட்கும் உறுப்பினருக்கு இந்த ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன். விரும்பாமல் நடந்த ஒன்றுக்கு யாருக்கு ஒழுக்கம் கற்பிப்பது?

இது கொரோனாவோடு தொடங்கியதும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது சியரா லியோனில் கோடை விடுமுறைக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. பள்ளிகள் 2015 ஏப்ரலில்தான் திறந்தன. எபோலா தொடங்குவதற்குச் சற்று முன்புதான் பிராக் என்ற தொண்டு நிறுவனம் அங்கே சில கிராமங்களில் பெண் பிள்ளைகளுக்கான மன்றங்களை அமைக்க ஆரம்பித்திருந்தது. 200 கிராமங்களில் 4,700க்கும் அதிகமான பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. நோயால் கடுமையாக முடங்கிய, மன்றம் இல்லாத கிராமங்களில் 12 முதல் 17 வயதுப் பெண்கள் ஆண்களோடு கழித்த நேரம் கூடியது, கர்ப்பங்கள் கூடின, பள்ளி திறந்த பிறகு சேர்க்கை 16 சதவீதப் புள்ளிகள் விழுந்தது. மன்றம் இருந்த கிராமங்களில் இந்தச் சேதத்தின் பெரும்பகுதி நிகழவே இல்லை.

அந்த மன்றம் என்ன பெரிய மாயம் செய்தது என்று பார்த்தால், ஓர் அறை, ஒரு மூத்த பெண் வழிகாட்டி, கொஞ்சம் உடல்நலப் பாடம், கொஞ்சம் கைத்தொழில், கொஞ்சம் சேமிப்புக் கடன். பெண் பிள்ளைகள் நாளில் சில மணி நேரம் ஆண்களின் கைக்கெட்டாத இடத்தில் ஒன்றாக இருந்தார்கள். ஆய்வாளர்கள் நுணுக்கிப் பார்த்தபோது வேலை செய்தது பெரும்பாலும் இந்த நேரக் கணக்குதான்.

இனி, "வீட்டுக்குள்தானே இருந்தார்கள்" என்ற கேள்வி. இதைக் கேட்பவர் மனத்தில் இருப்பது மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும் வீடு. கதவைச் சாத்திக்கொண்டு, தாய் தந்தை மடிக்கணினி முன்னாலும் பிள்ளைகள் பக்கத்து அறையிலும் இருக்கும் வீடு. அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு ஊரடங்கு அப்படி வரவில்லை. அப்பாவின் வேலை போயிற்று. அம்மாவின் சந்தைக் கடை மூடப்பட்டது. பள்ளியில் கிடைத்துக்கொண்டிருந்த மதிய உணவும் நின்றது. 2020இல் உச்சக்கட்டத்தில் உலகெங்கும் 37 கோடிப் பிள்ளைகள் பள்ளி உணவை இழந்தார்கள் என்கிறது உலக உணவுத் திட்டம். அப்போது அந்தப் பெண் எங்கே இருந்தாள்? தண்ணீர் எடுக்கும் வரிசையில், விறகு பொறுக்கும் காட்டில், பாதையோரம் எதையாவது விற்கும் இடத்தில், யார் வீட்டிலாவது துணி துவைக்கும் வேலையில். சியாயா மாணவிகள் படிப்பு அல்லாத வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சுமார் இரண்டரை மணியிலிருந்து மூன்றேகால் மணிக்கு மேல் போனது. பள்ளி நாளில் காலை முதல் மாலை வரை ஒரு கூட்டத்தின் நடுவே இருந்தவள் இப்போது தனியாக, கணக்குக் கேட்க ஆளில்லாமல், வழியில் நடந்துகொண்டிருந்தாள்.

அந்த வழியில் அவளுக்குக் கொஞ்சம் பணமோ, ஒரு சவாரியோ, ஒரு சோப்புக் கட்டியோ தரக்கூடிய ஆண் ஒருவன் இருந்தான். கேட்கக் கசப்பாக இருக்கிறது, ஆனால் இதன் விலைப்பட்டியல் மிக எளியது. மேற்குக் கென்யாவில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதினைந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்களில் பத்தில் ஒருவர் சானிட்டரி நாப்கின் வாங்குவதற்காகப் பாலுறவு கொண்டதாகச் சொல்லியிருந்தார். கென்யா 2017இல் பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் வழங்கச் சட்டமே கொண்டுவந்தது. விநியோகம் நடந்தது பள்ளி வழியாக. பள்ளி மூடினால் அது என்ன ஆகும் என்று யாரும் தனியே யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்கத்தான் உங்களைப் போன்றவர்கள் வரைவு எழுதுகிறீர்கள்.

வீட்டுக்குள்ளேயே இருந்த ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. சிறுமிகளை வன்கொடுமை செய்கிறவர்கள் பெரும்பாலும் தெரியாதவர்கள் இல்லை. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் என்று தெரிந்தவர்களே அதிகம். ஊரடங்கு அந்த ஆளையும் அந்தச் சிறுமியையும் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் வைத்தது, அவளுடைய முகவாட்டத்தைக் கவனிக்கக்கூடிய ஆசிரியையையும் தோழியையும் அப்புறப்படுத்தியது. நீங்கள் வகுப்பறையில் இருந்த ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே "என்ன ஆயிற்று?" என்று கேட்டிருப்பீர்கள்? அந்தக் கேள்வியைக் கேட்க அப்போது யாரும் இல்லை.

மருத்துவ வசதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகில் விற்கும் ஆணுறைகளில் ஐந்தில் ஒன்றைத் தயாரிக்கும் மலேசியாவின் கேரக்ஸ் நிறுவனம் 2020 மார்ச்சில் சுமார் பத்து நாள் தொழிற்சாலைகளை மூட வேண்டியிருந்தது. சரக்குக் கப்பல்கள் தாமதித்தன, செவிலியர்கள் கொரோனாப் பணிக்குப் போனார்கள். இவையெல்லாம் எல்லா வயதுப் பெண்களையும் பாதித்தவை. பதின்ம வயதுப் பெண்ணுக்கு மட்டுமான இடைஞ்சல் ஒன்று உண்டு: வெளியே போகக் காரணம் சொல்ல வேண்டும். பள்ளி விட்டு வரும் வழியில் மருந்தகத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவது நடக்கக்கூடிய காரியம். ஊரடங்கில் சாலையில் காவலரிடமும் வீட்டு வாசலில் தகப்பனிடமும் "எங்கே போகிறாய்?" என்ற கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

கைப்பேசியைப் பழிப்பவருக்கு ஒரே ஒரு சொல். சியாயாவிலும் சியரா லியோன் கிராமங்களிலும் பெண் பிள்ளைகள் பலர் கையில் தனிக் கைப்பேசி இல்லை. இருந்தால்தான் நல்லது என்பேன், உதவி எண்ணை அழைக்கவாவது ஆகும். எபோலா காலத்து மன்றங்கள் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துச் சாதிக்கவில்லை.

இன்னொன்றை உங்கள் வரைவு எந்த நாட்டுக்கானது என்பதைப் பொறுத்து யோசிக்க வேண்டும். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கர்ப்பம் முதலில், அதை மறைக்கத் திருமணம் பிறகு. தெற்காசியாவில் பெரும்பாலும் வரிசை தலைகீழ். திருமணம் முதலில், கர்ப்பம் பிறகு. பங்களாதேஷில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப்பேர் பதினெட்டுக்கு முன்பே மணம் முடித்தவர்கள். அங்கே பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 செப்டம்பரில் திறந்தன. ஒன்றரை ஆண்டு பள்ளி இல்லை, வருமானம் இல்லை, விருந்தினர் கூடக் கூடாது என்பதால் கல்யாணச் செலவும் குறைவு, விசாரிக்க அதிகாரிகளும் வருவதில்லை. இப்படியொரு சூழலில் ஒரு தகப்பன் போடும் கணக்கை நாம் வெறுக்கலாம், ஆனால் புரியவில்லை என்று சொல்ல முடியாது. பெருந்தொற்றின் விளைவாக 2030க்குள் கூடுதலாக ஒரு கோடிக் குழந்தைத் திருமணங்கள் நடக்கக்கூடும் என்று யுனிசெஃப் 2021இல் கணித்தது. கணிப்புகள் பின்னால் மாறக்கூடும் என்று மேலே நான் காட்டிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். தெற்காசியக் கிராமத்துக்கு எழுதும் வரைவில் கருத்தடை மாத்திரையைப் பற்றி நான்கு பக்கமும் திருமணத்தைப் பற்றி நான்கு வரியும் இருந்தால் அது ஆளுக்குப் பொருந்தாத சட்டை.

மருத்துவராக ஒரு பத்தி. பத்தொன்பது வயதுக்குட்பட்ட தாய்மார்களுக்கு இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைவிட வலிப்பு வரும் அளவுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும், பிரசவத்துக்குப் பின் கருப்பைத் தொற்றும் அதிகம். மிக இளைய பெண்களுக்கு இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெற்றிருக்காது, பிரசவம் நாள்கணக்கில் இழுத்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவே துளை விழுந்து, வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் கசியும் நிலைகூட வரலாம். வளரும் நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2.1 கோடிப் பெண்கள் 15 முதல் 19 வயதுக்குள் கருவுறுகிறார்கள், அவற்றில் பாதி விரும்பாத கர்ப்பங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படி விரும்பாதவற்றில் பாதிக்கு மேல் கருக்கலைப்பில் முடிகின்றன, பல இடங்களில் பாதுகாப்பற்ற கைகளில். இந்த ஆபத்துகளில் பெரும்பாலானவற்றை நேரத்தோடு வரும் பரிசோதனை தடுக்கும். நேரத்தோடு வருவதைத் தடுப்பது அவமானம். வெளிநோயாளர் அறையில் பெரியவர் ஒருவரோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டுப் பாருங்கள், பதிலைப் பெரியவர் சொல்வார். அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டால் வேறு தேதி வரும். சில நேரம் வேறு கதையே வரும்.

சரி, வரைவில் என்ன எழுதலாம்?

முதல் இடம் பள்ளியின் காவலுக்கு. கட்டடம் மூடட்டும், காவல் மூடக் கூடாது. பத்துப் பதினைந்து பெண்கள் திறந்த வெளியில் இடைவெளி விட்டு வாரத்தில் மூன்று நாளாவது கூடும் ஏற்பாட்டுக்கு நோய்க் காலத்திலும் அனுமதி கிடைக்கும்படி சுகாதார அதிகாரிகளிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு கேட்டால் முடியாது என்பார்கள், அவர்கள் நிலையில் அதுதான் சரியாகவும் தோன்றும். அந்தக் கூட்டத்தை நடத்தப் பக்கத்திலேயே வசிக்கும் ஒரு பெண் வேண்டும். வெளியூரிலிருந்து வரும் பயிற்றுநர் பஸ் நின்றதும் நின்றுவிடுவார்.

அடுத்து, பள்ளி வழியாக இப்போது என்னென்ன போகிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். உணவு, நாப்கின், இரும்புச்சத்து மாத்திரை, உதவித்தொகை எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் மாற்று வழியை எழுதுங்கள். நாப்கினும் அரிசியும் வீட்டு வாசலுக்குப் போவதில் இன்னொரு பயன் உண்டு: கொடுக்கப் போகிறவர் அந்தப் பெண்ணை நேரில் பார்க்கலாம். பொருளைத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டு வராமல், அவளிடமே கொடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும் என்பதை விதியாகவே எழுதுங்கள். ஆசிரியர் தொலைபேசியில் அழைப்பதும் அப்படியே. "பிள்ளை நன்றாக இருக்கிறாளா?" என்று அப்பாவிடம் கேட்டால் "நன்றாக இருக்கிறாள்" என்றுதான் பதில் வரும்.

கருத்தடை பற்றிய பகுதியில் கூச்சப்படாதீர்கள். மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது, மருந்தகங்களில் எளிதில் கிடைக்கச் செய்வது, பயிற்சி பெற்ற பெண் தானே போட்டுக்கொள்ளக்கூடிய கருத்தடை ஊசி என்று பல வழிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்திருக்கிறது. இவற்றில் எது யாருக்கு ஏற்றது, எதற்கு அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதை உள்ளூர் மருத்துவர் ஒருவரை உட்கார வைத்து எழுதுங்கள்.

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு நேரம்தான் மருந்து. அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இரவு ஊரடங்கில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக யாரிடம் வாகனம் இருக்கிறது, யாரிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறது, போகும் மருத்துவமனையில் இந்த மருந்துகள் கையிருப்பில் இருக்கின்றனவா என்பதை வரைவிலேயே, ஆள் பொறுப்போடு எழுதி வைக்க வேண்டும். "உரிய உதவி வழங்கப்படும்" என்று எழுதும் வழக்கத்தை இந்த ஒரு பக்கத்திலாவது விட்டுவிடுங்கள்.

ஒழுக்க வகுப்பை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த உறுப்பினருக்கு வருத்தம் வேண்டாம், வகுப்பு இருக்கட்டும். ஊரில் உள்ள ஆண்களுக்கும் பையன்களுக்கும் நடத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தத் தனிப் பிரிவு. உங்களுக்கு மனம் ஒப்பாதது நியாயம், அதற்கு வரலாறும் துணை நிற்கிறது. சியரா லியோனில் 2015இல் பள்ளிகள் திறக்கும் நேரத்தில், கர்ப்பம் வெளியே தெரியும் பெண்கள் வகுப்புக்கு வரக் கூடாது, தேர்வும் எழுதக் கூடாது என்று அரசு தடை விதித்தது. மற்ற மாணவிகள் கெட்டுப்போவார்கள் என்பது வாதம். எதிர்ப்பு கிளம்பியதும் அவர்களுக்கென்று தனிக் கற்றல் மையங்கள் திறந்தார்கள். அங்கே வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, நான்கு பாடங்கள் மட்டும். வசதிக்காக என்றுதான் அப்போதும் சொன்னார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தடையும் தனி மையங்களும் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அரசு 2020 மார்ச் இறுதியில் தடையை நீக்கியது. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மறுபடி மூடவிருந்த நேரம் அது. எபோலா தலைமுறைக்கு ஐந்தாண்டு தாமதமாக வந்த நீதி, அடுத்த தலைமுறைக்கு மட்டும் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது.

ஜிம்பாப்வே 2020இல் கர்ப்பிணி மாணவியை வெளியேற்றுவதைச் சட்டத்தால் தடுத்தது. தான்சானியா 2021 நவம்பரில் தன் பழைய தடையைக் கைவிட்டது. கென்யாவில் பிரசவித்த மாணவியைத் திரும்பச் சேர்க்கும் கொள்கை 1994 முதலே இருக்கிறது, ஆனாலும் சியாயாவில் இடைநிற்றல் மூன்று மடங்கானது. அனுமதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, பாக்கியுள்ள கட்டணத்தை யார் கட்டுவது, பிரசவத் தேதியும் தேர்வுத் தேதியும் மோதினால் என்ன செய்வது, இந்த மூன்றுக்கும் விடை இல்லாத மறுசேர்க்கை காகிதத்தில்தான் இருக்கும்.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் இப்படி எழுதுங்கள்: "கர்ப்பிணியாகவோ தாயாகவோ திரும்பும் மாணவி தான் முன்பு படித்த வகுப்பிலேயே சேர்க்கப்படுவாள். விரும்பினால் மட்டும், அவளே எழுத்து மூலம் கேட்டால் மட்டும், வேறு பள்ளிக்கு மாற்றம் தரப்படும். அவளுடைய குழந்தைக்குப் பள்ளி நேரத்தில் பராமரிப்பு ஏற்பாடு செய்வது அமைப்பின் பொறுப்பு." மூன்றாவது வாக்கியத்துக்குப் பணம் வேண்டும் என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். தனிப் பிரிவுக்கு ஒதுக்கியிருந்த தொகை எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள், அதை இங்கே மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.